அடித்த வரியிலிருந்து ஒரு பிராணி

"எனக்கு ஒரு கோடுகூட நேராக வராது" என்கிறாயா? நேராக வரவேண்டும் என்று உன்னிடம் யார் கேட்டார்கள்?

1924-இல் பெருவுக்குக் கப்பலேறிய ரவீந்திரநாத் தாகூர், உடம்புக்கு முடியாமல் அர்ஜென்டினாவிலேயே தங்கினார். விக்டோரியா ஒகாம்போ என்ற எழுத்தாளர், ஆற்றைப் பார்த்த ஒரு வீட்டில் அவரைத் தங்கவைத்துக் கவனித்துக்கொண்டார். அப்போது தாகூர் எழுதிய கவிதை நோட்டைப் பார். பிடிக்காத ஒரு சொல்லை அடித்திருக்கிறார். இரண்டு வரி கீழே இன்னோர் அடித்தல். இரண்டு கறுப்புத் திட்டுகளையும் பேனாவால் இழுத்து இணைக்கிறார். கோடு கழுத்தாகிறது, நுனி அலகாகிறது. எந்தக் காட்டிலும் இல்லாத ஒரு பிராணி, கவிதைக்கு நடுவே தலைதூக்குகிறது!

நோபல் பரிசு வாங்கிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. வயது 63. பேசாமல் புகழில் சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம். அவர் உட்காரவில்லை. ஓவியப் பள்ளியில் படிக்காத அந்தக் கை, துணியாலும் விரலாலும் மையை இழுத்தது. 1930-இல் பாரிஸில் கண்காட்சி. 1941-இல் மறையும்போது 2000-க்கும் மேற்பட்ட படங்கள். பாட்டில் அத்தனை ஒளியைத் தந்தவரின் படங்களில் இருண்ட முகங்கள், வெறித்த கண்கள், விசித்திர மிருகங்கள்! தனக்குள் அவையும் இருந்ததை அவர் மறைக்கவில்லை. அந்தத் துணிச்சலைத்தான் நான் வணங்குகிறேன்.

எனக்குள் இருந்ததையும் ஒரு படம்தான் காட்டியது. எனக்கு வேலை போன மாதம் அது. மளிகைக் கணக்கு நோட்டின் ஓரத்தில் என் இடது கையைப் பால்பாயிண்ட் பேனாவால் வரைந்தேன். ஐந்து விரலும் கோணல். முடித்த பிறகுதான் கவனித்தேன்: நான் வரைந்திருந்தது இறுக மூடிய முஷ்டி. அதுவரை சோர்ந்துவிட்டேன் என்றே நினைத்திருந்தேன். இல்லை, எனக்குள் இருந்தது கோபம். இன்னும் தோற்காதவனின் கோபம்! மறுநாள் விடிந்ததும் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன்.

உனக்குள்ளும் அப்படி ஒன்று காத்திருக்கிறது. அது வெளியே வர கான்வாஸும் வேண்டாம், விலையுயர்ந்த வண்ணமும் வேண்டாம். யாரிடமும் காட்டவேண்டாம், "நன்றாக இருக்கிறதா?" என்று யாரிடமும் கையேந்தவும் வேண்டாம். இன்றிரவு உன் பழைய நோட்டை எடு. அடித்துவிட்டு நீ வெட்கப்பட்டு மூடிவைத்த பக்கத்தைத் திற. அடித்த இடத்தில் பேனாவை வை. இழு! கழுத்தா வாலா என்று இப்போதே முடிவு செய்யாதே.