அஞ்சு வருசத்துக்கு முன்னால் ஒருத்தி யார்?

"நான் வேலை செய்யேல்லையாம் தம்பி."

கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு அந்த அக்கா சொன்ன முதல் வார்த்தை இதுதான். 2021 டிசம்பர். கிழக்கு லண்டனில் ஒரு தேவாலயத்தின் பின்கூடம். சனிக்கிழமை காலைகளில் அங்கே உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுப்போம். நான் வக்கீல் இல்லை. முதியோர் இல்லத்தில் இரவுப் பணி பார்க்கிறவன். இங்கிலீஷ் எழுத வரும், அவ்வளவுதான். சட்டம் தெரிந்த ஆலோசகர் ஒருவர் பக்கத்து மேசையில் இருப்பார்.

அக்கா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். போரில் நாட்டை விட்டு ஓடி, நெதர்லாந்தில் அகதியாகி, அந்த நாட்டுக் குடியுரிமை பெற்று, 2018 செப்டம்பரில் புருசனோடும் இரண்டு பிள்ளைகளோடும் லண்டன் வந்தவர். இப்படி நெதர்லாந்து, ஜெர்மனி, பிரான்சு, டென்மார்க் கடவுச்சீட்டோடு இங்கே வந்து சேர்ந்த ஈழத்தமிழர் நிறையப் பேர். 'ஐரோப்பியக் குடியேறி' என்றதும் போலந்துக்காரரும் ருமேனியரும் மட்டுமே நம்ம நினைவுக்கு வருகிறார்கள். சட்டத்தின் கண்ணுக்கு இந்த அக்காவும் ஐரோப்பியக் குடியேறிதான்.

அடி தாங்க முடியாமல் நவம்பரில் பிள்ளைகளோடு வீட்டை விட்டு வெளியேறியிருந்தார். தெரிந்தவர் வீட்டில் ஒரே அறை. உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்தார். வசிப்புரிமை இல்லை என்று பதில் வந்தது. 'ப்ரீ-செட்டில்ட்' என்ற தற்காலிகத் தகுதி அவரிடம் இருந்தது. நாட்டில் இருக்கலாம், வேலை பார்க்கலாம். சோற்றுக்கு வழி இல்லாமல் போனால் மட்டும் அது போதாது.

சட்டம் எப்படி இயங்குகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004/38 என்ற நெறிமுறை, ஒரு நாட்டுக் குடிமக்கள் இன்னொரு நாட்டில் முதல் மூன்று மாதம் நிபந்தனை இல்லாமல் இருக்கலாம் என்கிறது. அதற்கு மேல் தொழிலாளியாக, சுயதொழில் செய்பவராக, மாணவராக, கையில் பணமும் மருத்துவக் காப்பீடும் உள்ளவராக, அல்லது இப்படிப்பட்டவரின் குடும்பத்தவராக இருக்க வேண்டும். வேலை தேடுகிறவருக்கும் கொஞ்ச காலம் இடமுண்டு. ஐந்து ஆண்டு தொடர்ந்து சட்டப்படி வசித்துவிட்டால் நிரந்தர வசிப்புரிமை. அதற்குப் பிறகு வேலை இருக்கா, பணம் இருக்கா என்ற கேள்வியே கிடையாது. 2016 வாக்கெடுப்பில் பிரிட்டன் வெளியேற முடிவெடுத்து, 2020 கடைசியோடு ஐரோப்பியச் சட்டம் இங்கே முடிந்தது. ஏற்கெனவே இருந்தவர்களில் ஐந்தாண்டு முடித்தவருக்கு 'செட்டில்ட்', முடிக்காதவருக்கு 'ப்ரீ-செட்டில்ட்' என்று தகுதி கொடுத்தார்கள். ஆனால் உதவித்தொகை என்று வந்தால் இரண்டாம் வகையினரைப் பழைய அளவுகோலால்தான் அளந்தார்கள்: நீ தொழிலாளியா?

அக்கா தொழிலாளி இல்லை. மூன்று வருசம் சமைத்தார், துவைத்தார், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார், ராத்திரி வேலைக்குப் போய் வந்த புருசனுக்குச் சோறு கட்டிக் கொடுத்தார். "சமைச்சது, பிள்ளை வளத்தது எல்லாம் வேலை இல்லையோ தம்பி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கூடத்தில் உட்கார ஆரம்பித்த காலத்தில், ஐரோப்பியக் கடவுச்சீட்டுக்காரர்கள் மேல் எனக்கு உள்ளுக்குள் ஒரு புகைச்சல் இருந்தது. நான் தமிழ்நாட்டிலிருந்து விசா வாங்கி வந்தவன். பொதுநிதி எதையும் தொடக் கூடாது என்று என் விசாவிலேயே அச்சடித்திருந்தார்கள். வரி பிடித்தார்கள், காப்பீட்டுக்குப் பிடித்தார்கள், நிரந்தர உரிமை கிடைக்கும் வரை பொதுநிதியிலிருந்து ஒரு பென்னி கிடையாது. இவர்கள் மட்டும் வந்து இறங்கியதும் கேட்கலாமா என்று நினைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி கவுன்சில் வீட்டுக்காகத் தன் பேத்தி வருசக்கணக்காகக் காத்திருப்பதைச் சொல்லிப் புலம்பும்போது தலையாட்டியிருக்கிறேன். அவள் துவேசக்காரி இல்லை. 'போட்டவனுக்குத்தான் எடுக்க உரிமை' என்ற நியாயத்தை அவள் பேசினாள். நானும் அதையேதான் நினைத்தேன்.

அந்த நியாயம் லேசில் தள்ளக்கூடியது அல்ல. ஒரு சமூகம் வரி கொடுத்து உண்டாக்கிய நிதியை, அந்தச் சமூகத்தோடு சம்பந்தமே இல்லாதவர் எடுத்துக்கொள்ள முடியுமா? 2014 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் லைப்சிக் நகரில் வாழ்ந்த ஒரு ருமேனியத் தாயின் வழக்கில் முடியாது என்றது. அவர் வேலை பார்த்ததில்லை, தேடவும் இல்லை. சரி என்று வைத்துக்கொள்வோம். மறு ஆண்டு இன்னொரு வழக்கு. பெர்லினில் ஒரு தாய். பொஸ்னியாவில் பிறந்தவர், சுவீடன் குடியுரிமை. பிள்ளைகள் பிறந்ததே ஜெர்மனியில். அவரும் மூத்த மகளும் ஓராண்டுக்குக் கொஞ்சம் குறைவாக வேலை பார்த்தார்கள். அதனால் ஆறு மாதம் வரைதான் உதவி, அதற்கு மேல் நிறுத்தலாம் என்று தீர்ப்பு. இங்கேதான் எனக்கு இடித்தது. இவர்கள் போட்டவர்கள்தானே? எவ்வளவு போட்டால் 'போட்டது' ஆகும்?

உழைப்பே அளவுகோல் என்றால் எல்லா உழைப்பையும் எண்ண வேண்டும். எண்ணவில்லை. 2004 மே முதல் 2011 ஏப்ரல் வரை, போலந்து உள்ளிட்ட எட்டு நாட்டுத் தொழிலாளர் பணம் கட்டிப் பதிவு செய்துகொண்டு வேலை பார்க்க வேண்டும் என்று பிரிட்டன் விதி வைத்திருந்தது. பதியாமல் செய்த வேலை கணக்கில் வராது. ஆஸ்பத்திரி கழுவினாலும் தோட்டத்தில் பழம் பறித்தாலும் வராது. அந்தத் திட்டத்தை 2009-இல் நீட்டித்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது 2019 ஆகியிருந்தது. 2014 மார்ச் முதல், வாரம் சுமார் 150 பவுண்டுக்குக் கீழே சம்பாதித்தவரின் வேலை 'உண்மையான' வேலைதானா என்று தனியாகக் குடைந்தார்கள். ஒரு பிரெஞ்சுப் பெண் குழந்தைகள் பள்ளிகளில் வேலை பார்த்து, ஆறாம் மாதக் கர்ப்பத்தில் முடியாமல் நிறுத்தினார். தொழிலாளி என்ற தகுதி போயிற்று என்றார்கள். 2008-இல் நடந்தது இது. பிள்ளை பெற்ற மூன்றாம் மாதம் அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். தகுதி போகவில்லை என்ற தீர்ப்பு வர 2014 ஆனது. கர்ப்பம் தரித்த உடம்புக்கு அளவுகோலில் இடமே இல்லை. ஆறு வருசம் சண்டை போட்டுத்தான் இடம் வாங்க வேண்டியிருந்தது.

வெளிநாட்டார் வந்து சுரண்டுகிறார்கள் என்ற பேச்சுக்கு அரசின் குடியேற்ற ஆலோசனைக் குழுவே 2018 செப்டம்பரில் பதில் சொல்லிவிட்டது: ஐரோப்பியக் குடியேறிகள் எடுப்பதைவிட அதிகமாக வரி கொடுக்கிறார்கள். எனக்கு அந்தப் பதிலும் உவப்பாக இல்லை. லாபம் தருவதால் இருக்கட்டும் என்றால், நட்டம் வருகிற அன்றைக்கு என்ன? படுக்கையில் விழுந்தவர்?

இந்த நாட்டுக் குடிமக்களாகவே பிறந்தவரை யாரும் 'என்ன போட்டாய்' என்று கேட்டு நாட்டில் இருக்கும் உரிமையைப் பறிப்பதில்லை. ஒரு நாள் வேலை செய்யாதவரானாலும் பிறப்பு போதும். பிறப்பை வைத்து ஆளை அளப்பது பற்றி இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பிறப்பு இல்லாதவருக்கு உழைப்பு என்பது மாற்று ஏற்பாடு. ஆனால் அந்த ஐந்தாண்டு விதிக்குள் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. ஐந்து வருசம் கழிந்ததும் சட்டம் உழைப்பைக் கேட்பதை விட்டுவிடுகிறதே, ஏன்? ஓரிடத்தில் வாழ்ந்தாலே மனுசருக்கு அங்கே வேர் பிடிக்கும் என்று சட்டத்துக்கே தெரியும். ஜோசப் கேரன்ஸ் என்ற அரசியல் தத்துவவாதி 2013-இல் வந்த தன் நூலில் இதைத்தான் வாதிடுகிறார்: காலம் போகப் போக உரிமைக் கோரிக்கை பலப்படுகிறது. நல்லது. வேர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிடிக்கும். சட்டமோ கடைசி நாள் வரை ஒன்றுமில்லை, மறுநாள் எல்லாம் என்கிறது. எங்காவது கோடு போட்டாக வேண்டும் என்பார்கள். போடட்டும். கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிற பிள்ளை ராத்திரி என்ன தின்னும் என்பதைக் கோடு போட்டவர்கள் சொல்ல வேண்டாமா?

நெதர்லாந்துக்கே திரும்பிப் போகலாமே என்று நானும் அக்காவிடம் கேட்டேன். இப்போது வெட்கமாக இருக்கிறது. "மூத்தவள் அடுத்த வருசம் சோதினை எழுதப்போறாள். அவளுக்கு டச்சு எழுத மறந்துபோச்சு. எங்க போறது?" என்றார்.

அந்தப் பிள்ளைகளால்தான் வழி பிறந்தது. புருசன் வேலையில் இருந்தால் சட்டப்படி இன்னும் மனைவி என்ற முறையில் கேட்டிருக்கலாம். அவன் வேலையை விட்டானா, நாட்டையே விட்டானா தெரியவில்லை. ஆலோசகர் 2010 பிப்ரவரியில் வந்த இரண்டு தீர்ப்புகளைச் சொன்னார். ஐரோப்பியத் தொழிலாளியாக இருந்தவரின் பிள்ளை இங்கே படிக்கும்போது, அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் வசிப்புரிமை உண்டு. தகப்பன் இப்போது வேலையில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பிள்ளைகள் இங்கே இருந்த காலத்தில் அவன் வேலை பார்த்ததற்குச் சான்று வேண்டும்.

அடித்தவனுடைய சம்பளத் தாள். வீட்டைவிட்டு ஓடி வந்த பொம்பளை அதை எங்கே தேடுவாள்? அடுத்த சனிக்கிழமை ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். தடுப்பூசிப் புத்தகங்கள், பள்ளிக் கடிதங்கள், ஒரு சாமி படம். சின்னவனின் தடுப்பூசிப் புத்தகத்துக்குள் நாலாக மடித்த பி60 ஒன்று இருந்தது. வருசக் கடைசியில் முதலாளி தரும் வரிக் கணக்குத் தாள். பிள்ளை பின்பக்கத்தில் ஒரு பஸ் வரைந்திருந்தான். அந்தத் தாளும் பள்ளிக் கடிதமும் சேர்ந்து அக்காவுக்கு உரிமை வாங்கித் தந்தன. பிப்ரவரி கடைசியில் பணம் வந்தது. நாங்கள் எல்லோரும் சந்தோசப்பட்டோம். அவர் மட்டும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவன்ர பேரில்தான் நான் இருக்கிறன், என்ன?" என்றார்.

பி60 கிடைக்காதவர்களுக்கு 2021 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு கதவைக் கொஞ்சம் திறந்திருந்தது. வட அயர்லாந்தில் பெண்கள் காப்பகத்தில் பிள்ளைகளோடு இருந்த ஒரு தாயின் வழக்கு. உதவித்தொகையை மறுக்கலாம், ஆனால் மறுப்பதால் தாயும் பிள்ளைகளும் மானத்தோடு வாழ முடியாமல் போகுமா என்று முதலில் பார்க்க வேண்டும் என்றது. பிரிட்டன் வெளியேறிய பிறகும் அது ப்ரீ-செட்டில்ட் ஆட்களுக்குப் பொருந்தும் என்று 2023 நவம்பரில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. இந்தத் தீர்ப்புகளில் எனக்குப் பிடித்தது, என்ன போட்டாய் என்பதைத் தாண்டி, தின்ன என்ன இருக்கிறது என்று கேட்டதுதான். பிடிக்காதது, கையில் எதுவும் இல்லை என்பதையும் காகிதத்தால் நிரூபிக்க வேண்டியிருப்பது.

2023 செப்டம்பரில் அக்காவுக்கு ஐந்து வருசம் முடிந்தது. செட்டில்ட் ஆனார். அதற்கு முன்பே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். சமைக்கிறார், பாத்திரம் கழுவுகிறார், பிள்ளைகளுக்குப் பரிமாறுகிறார். வீட்டில் செய்த அதே வேலைதான். இப்போது அவர் பெயரிலேயே பி60 வருகிறது.