மெதுவாக ஊதுகிறவன்

அண்ணன் கித்தார். நான் குழல், மூங்கில் இல்லை, மேற்கத்திய உலோகக் குழல். அவர் தினமும் ஜொகூர் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவர். அதனால் ஸ்கூடாயில் எங்கள் பயிற்சி இரவு ஒன்பதரைக்கு மேல்தான். அதுவும் பாலத்தில் நெரிசல் இல்லாத நாளில்.

போன மாதம் பாதியில் நிறுத்தச் சொன்னார். "தம்பி, நீ எனக்காகக் கொறச்சி ஊதுற. எனக்கு அது பிடிக்கல."

சுருக்கென்றது. நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்த காரியம் அது.

நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கித்தாரின் ஒலி சிறியது. மீட்டிய மறுநொடியே தேயத் தொடங்கிவிடும். குழலோ மூச்சு உள்ளவரை நிற்கும். மேல் ஸ்தாயிக்குப் போனால் அறையை நிறைத்துவிடும். (நம் கச்சேரியில் நிலைமை தலைகீழ். அங்கே மூங்கில் குழலுக்காக மிருதங்கக்காரர் கையை அடக்க வேண்டும்.) மெதுவாக ஊதுவது சுலபமும் இல்லை. காற்றைக் குறைத்தால் சுருதி இறங்கும். இறங்காமல் பிடிக்க உதடும் வயிறும் கூடுதலாக உழைக்க வேண்டும். இவ்வளவு சிரமப்பட்டு விட்டுக்கொடுக்கிறேன், இவர் என்னடாவென்றால்...

"மைக் வச்சா நீ விட்டுக்கொடுக்க வேணாம், நானும் கடன்பட வேணாம்" என்றார்.

ஒருமுறை ஒரு கோயில் மண்டபத்தில் மைக் வைத்து வாசித்திருக்கிறோம். நகம் தந்தியில் உரசும் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. ஆனால் எனக்கு உறுத்தியது வேறு: அன்று நான் அவரைக் கவனிக்கவே இல்லை. கவனிக்கத் தேவை இருக்கவில்லை.

இருந்தாலும் அவர் எரிச்சல் எனக்குப் புரிகிறது. இந்த நாட்டில் சிறுபான்மையாக வளர்ந்த யாருக்கும் புரியும். ஒருவர் பெரிய மனதோடு குரலைத் தணித்ததால் கிடைத்த இடம், அவர் மனம் மாறுகிற நாளில் போய்விடும். அதுவரை நன்றியோடு வேறு இருக்க வேண்டும்.

நாங்கள் பயிலும் ஆஸ்டர் பியாசொல்லாவின் 'டாங்கோவின் வரலாறு' 1980களில் குழலுக்கும் கித்தாருக்குமாக எழுதப்பட்டது. அதன் இரண்டாம் பகுதி 'கஃபே 1930' கித்தார் தனியாகத் தொடங்கும். நான் சும்மா நிற்பேன். அங்கே என் பெருந்தன்மைக்கு வேலையே இல்லை. ஜப்பானியரான டோரு டகேமிட்சு 1981இல், திமிங்கிலங்களைக் காக்கும் கிரீன்பீஸ் இயக்கத்துக்காக 'கடலை நோக்கி' எழுதியபோது கித்தாரோடு சாதாரணக் குழலைச் சேர்க்கவில்லை. தணிந்த குரலுள்ள ஆல்டோ குழலைச் சேர்த்தார். இருவருமே கித்தாரின் இடத்தைக் குழல்காரனின் நல்ல மனதை மட்டும் நம்பி விடவில்லை.

அப்படியானால் எழுதி வைத்துவிட்டால் போதுமா? அதுவும் இல்லை. கித்தாரின் தனி முடிந்து நான் நுழைகிற இடத்தில் 'மெதுவாக' என்று தாளில் இருக்கலாம், தாள் ஊதாது. யாராவது ஒருவர் காதைத் திறந்து வைத்திருக்கத்தான் வேண்டும். அது நானாக இருப்பதில் அண்ணனுக்கு ஆட்சேபம் இருந்ததாக இப்போது தோன்றவில்லை. எங்கே, எவ்வளவு என்பதை நானே முடிவு செய்ததுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

இப்போது நான் முழுக் காற்றோடு ஊதுகிறேன். அதிகமாகும் இடங்களில் அவர் நிறுத்தி, என் தாளில் பென்சிலால் வட்டம் போடுகிறார். போன வாரம் 'கஃபே'யில் மட்டும் பதினேழு வட்டம். இரண்டை நான் ஒத்துக்கொள்ளவில்லை. தே தாரிக் ஆறும்வரை சண்டை போட்டோம்.