வேண்டுதலா?

காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையும் ஏறி முடித்து, சோளக்காட்டைத் தாண்டி, ஒரு சின்ன ஊரின் ஓரத்தில் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தேன். சாலையின் பாதியை அடைத்துக்கொண்டு சாமை காய்ந்தது. அதைக் காலால் கிளறிவிட்டபடி நடந்துகொண்டிருந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். என் ஹெல்மெட்டையும் வியர்வையில் ஒட்டிக்கிடந்த உடையையும் பார்த்தார். கீழேயிருந்து மிதித்தே வந்தேன் என்றதும் கேட்டார்.

“வேண்டுதலா கண்ணு?”

“ஆமாங்கம்மா” என்றேன்.

பொய். எனக்கு எந்த வேண்டுதலும் இல்லை. அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகும் எண்ணமும் இல்லை. ஆனால் நான் “ஆமாம்” என்றதும் அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்துவிட்டுக் கிளம்பினேன். இறக்கம் முழுக்க, எழுபது வளைவுகளிலும் பிரேக்கைப் பிடித்துப் பிடித்துக் கை வலித்தது. அந்த வலியைவிட அந்தப் பொய் அதிகமாக உறுத்தியது.

ஏன் சொன்னேன்? எங்கள் சைக்கிள் குழுவில் உள்ள ஆண்களிடம் நான் இப்படித் தடுமாறுவதில்லை. “ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் யார் சமைப்பார்கள்?” என்று கேட்டவரிடம், “பசிக்கிறவர்கள்” என்று சொல்லியிருக்கிறேன். ஒரு பெண் காரணமே இல்லாமல் வெளியே போகலாம், மருத்துவமனைக்கோ கோயிலுக்கோ ரேஷன் கடைக்கோ போகிறேன் என்று யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை என்று மேடையிலும் பேசியிருக்கிறேன். ஒரு மூதாட்டியின் முன்னால் அந்தப் பேச்சு வாயில் வரவில்லை. “சும்மா வந்தேன்” என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

“சும்மா” என்பது லேசான சொல் அல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போது அங்கே ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள் என்று பி. சாய்நாத் எழுதினார். இன்று அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பயன்களைத்தான் அடுக்குகிறார்கள்: தண்ணீர்க் குடம் எடுத்துவர வசதி, விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோக வசதி, பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. எல்லாம் உண்மை. ஆனால் சாய்நாத்தின் பதிவில் எனக்குப் பிடித்தவர் வேறு ஒருவர். அவர் ஒரு பள்ளி ஆசிரியை. சொந்தமாகச் சைக்கிள் வாங்க வசதியில்லை. தினமும் சாயங்காலம் அரைமணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்து ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். அதில் அவருக்குக் காசு நஷ்டம்தான், லாபம் எதுவும் இல்லை. ஓட்டுவதற்காக ஓட்டினார். விடுதலையை இதைவிட எளிமையாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

என் சைக்கிள் ஓட்டத்துக்கு நான் சொல்லும் நியாயமும் அந்த ஆசிரியையிடமிருந்து வந்ததுதான். அவர் சமவெளியில் ஓட்டிய அரைமணி நேரத்தை நான் மலைமேல் நாலு மணி நேரமாக நீட்டிக்கொண்டேன். ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கிறது. அவர் ஓட்டியது அவருடைய ஊரில். நான் ஓட்டுவது இன்னொருத்தியின் ஊரில்.

மலைச்சாலையில் சைக்கிளில் போகிறவருக்குக் காரில் போகிறவருக்குக் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது. மணிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது ஒவ்வொரு வாசலும் கண்ணில் படும். சாணம் மெழுகிய திண்ணை, அதன் விளிம்பில் ஒரே சீராக ஓடும் செம்மண் பட்டை, அடுக்கி வைத்த விறகு, வாசல் உரல், மிளகுக்கொடி ஏறிய மரம், ஈரம் காயாத கோலம். “என்ன அழகான ஊர், அப்படியே இருக்கிறது” என்று மனம் சொல்லும். எனக்கும் சொன்னது. பல வருடம் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தப் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். மிளகுக்கொடியை விட்டுவிட்டால் மீதி எல்லாமே ஒரு பெண் விடியற்காலையில் குனிந்து செய்த வேலை. நான் அழகு என்று பார்த்துக்கொண்டு போவது அவளுடைய இடுப்பு வலியை.

அதே சாலையில் தலைச்சுமை விறகோடு பெண்கள் வருவார்கள். ஏற்றத்தில் என் இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடித்தது என்று என் கையில் கட்டிய கருவி சொல்லும். வேகமாக ஏறுகிறவருக்கு மலையரசன் பட்டம் தருகிற செயலிகூட இருக்கிறது. பெண்ணுக்கு மலையரசி. விறகுச் சுமையோடு தினம் ஏறுகிறவளை எந்தச் செயலியும் அளக்கவில்லை. இதை எழுதும்போதே எனக்குச் சங்கடமாக இருக்கிறது, ஏனென்றால் இப்படி ஒப்பிடுவது சுலபம். ஒப்பிட்டு, கொஞ்சம் வருந்தி, அந்த வருத்தத்தையும் நம்முடைய நல்ல குணங்களில் ஒன்றாக வரவு வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறும் கிளம்பலாம்.

என் தோழி ஒருத்தி கறாரானவள். அவளிடம் இதையெல்லாம் சொன்னபோது, “குற்றவுணர்ச்சியும் நமக்குச் சொல்லிக்கொடுத்ததுதானே? பெண் சந்தோஷமாக இருந்தால் எங்கேயோ யாரோ கஷ்டப்படுகிறார்கள் என்று நினைவுபடுத்திக்கொண்டே இருப்பார்கள். அந்த வேலையை இப்போது நீயே உனக்குச் செய்துகொள்கிறாய்” என்றாள். அவள் சொன்னதில் பாதி சரி. நான் வீட்டிலேயே இருந்துவிட்டால் எந்த மலைப்பெண்ணின் சுமையும் ஒரு சுள்ளி அளவுகூடக் குறையாது. என் இன்பம் அவள் உழைப்பைத் திருடவில்லை. அப்படியானால் எது தவறு? ஏதோ ஒன்று தவறாக இருந்தது, இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் தொண்டையில் நின்றிருக்காது.

சாமையை நினைத்தபோதுதான் எனக்குப் பிடி கிடைத்தது.

கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடிகள் தலைமுறைகளாகச் சாமை, தினை, கேழ்வரகு விளைவித்தவர்கள். பிறகு அந்த நிலத்தின் பெரும்பகுதிக்குக் குச்சிக்கிழங்கு வந்தது. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் அதை வாங்கிக்கொண்டன. காசு கிடைத்தது. ‘பாரம்பரிய தானியம் அழிகிறதே’ என்று கீழே இருக்கிறவர்கள் கவலைப்பட்டார்கள், நானும் பட்டேன். ஆனால் அது குறைந்ததற்குக் காசு மட்டும் காரணமில்லை. சாமையின் உமி லேசில் விடாது. உரலில் போட்டுக் குத்த வேண்டும், புடைக்க வேண்டும், திரும்பக் குத்த வேண்டும். வயலில் அன்றாட வேலையை முடித்துவிட்டு வந்து ஒரு வேளைச் சோற்றுக்காக மணிக்கணக்கில் உலக்கை பிடிக்க வேண்டியவள் பெண். ரேஷன் அரிசி வந்ததும் அவள் உலக்கையைக் கீழே வைத்தாள். இந்த மலையில் 1990களிலிருந்து சிறுதானியங்களுக்காக வேலை செய்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இதைக் கண்டுகொண்டது. விதையைக் காப்பாற்றுவது மட்டும் போதாது என்று ஊர்களில் உமி நீக்கும் இயந்திரங்களை வைத்து, சுயஉதவிக் குழுக்களிடம் கொடுத்தார்கள்.

முதல்முறை அப்படி ஒரு இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு என்ன தோன்றியது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எரிச்சல் வந்தது. மலையின் அமைதி போகிறதே என்று தோன்றியது. இன்னொரு முறை, ஓடு போட்டிருந்த ஒரு வீட்டின் முற்றத்துக்குச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். “கெடுத்துவிட்டார்கள்” என்று வாய்விட்டே சொன்னேன். இனி மெழுக வேண்டாமே என்று அந்த வீட்டுப் பெண் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பாள்.

நான் தேடிய தவறு இங்கேதான் இருந்தது. மலையில் சைக்கிள் ஓட்டியதும் தவறில்லை, வாசல்களைப் பார்த்ததும் தவறில்லை. பார்த்தது அப்படியே இருக்க வேண்டும் என்று விரும்பியதுதான் தவறு. எனக்காகப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளலாம், வேலையை மாற்றலாம், சைக்கிளில் இருபத்திரண்டு கியர் வைத்துக்கொள்ளலாம். அவள் மட்டும் நான் வரும்வரை மெழுகிய திண்ணையோடு காத்திருக்க வேண்டும். பாரம்பரியம் என்ற சொல்லை வைத்து ஆண்கள் எங்களை நிறுத்திவைத்த இடத்தில், நான் இயற்கை, எளிமை என்ற சொற்களை வைத்து இன்னொருத்தியை நிறுத்தப் பார்த்தேன்.

இந்த மலைக்கு இது புதிதல்ல. கொல்லிப்பாவை இங்கேதான் இருந்தாள் என்பது மரபு. சிரித்தே ஆளைக் கொல்கிறவள் என்ற கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நற்றிணையில் அவள் வேறு மாதிரி வருகிறாள்: எந்தச் சீற்றத்திலும் உருக்குலையாத அழகுக்கு உவமையாக. காதலியைப் புகழ நம் பழைய புலவருக்குக் கிடைத்த மிக உயர்ந்த சொல், மாறாதவள் என்பது. பாவைக்கு இடுப்பு வலிக்காது, அவளால் மாறாமல் இருக்க முடியும்.

போன தை மாதம் திரும்பவும் அந்த வழியே போனேன். என் வழித்தடக் குறிப்பில் தேநீர்க் கடைகளோடு, ஒரு பெண் ஒதுங்க எந்த வளைவில் மறைவு இருக்கிறது என்றும் எழுதிவைத்திருப்பேன். இந்த முறை அந்த வீட்டையும் குறித்திருந்தேன். அம்மா இருந்தார். சாலையில் தானியமும் இருந்தது. அவருக்கு என்னை உடனே அடையாளம் தெரிந்தது.

“வேண்டுதல் பலிச்சுதா?”

“வேண்டுதல் இல்லைங்கம்மா. போன தடவை பொய் சொல்லிட்டேன். சும்மாதான் வந்தேன். இப்பவும் சும்மாதான்.”

அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார். சீட்டைக் கையால் அழுத்தி, “இது மேலயா உக்கார்ற, வலிக்காதா?” என்றார். வலிக்கும் என்றேன். இறக்கத்தில் மிதிக்க வேண்டாமா என்று கேட்டார். வேண்டாம், தானாகப் போகும் என்றேன். பிரேக்கை ஒருமுறை பிடித்து விட்டார். அதற்குமேல் என் “சும்மா”வைப் பற்றி அவருக்குக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

“அப்ப உனக்கு அவசரம் இல்லதானே?” என்றார்.

இல்லை என்றேன். ஒரு குச்சியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“இங்கயே உக்காரு. கோழி வந்தா வெரட்டு. பஸ் வந்தா ஓரமா ஒதுக்கித் தள்ளு. நான் வந்துர்றேன்.”

திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் வெயில் ஏறிவிட்டது, இறக்கத்துக்கு நல்ல நேரம் போய்விட்டது, நாலு கோழிகளில் ஒன்று என்னை மதிக்கவே இல்லை. அவர் கையில் எதையும் எடுத்துக்கொண்டு வரவில்லை. தலையில் மட்டும் புதிதாக ஒரு பூ இருந்தது. எங்கே போனார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.