தேவைக்கு மட்டும் ஏன் சான்றிதழ்?

'சும்மா ஜாலிக்கு' என்று ஒருவர் சொன்னால் அதற்கு மேல் நாம் எதுவும் கேட்பதில்லை. 'எனக்கு இது தேவை' என்று சொல்பவரிடம்தான் 'ஏன் தேவை, இது இல்லாமல் முடியாதா?' என்று விசாரணையைத் தொடங்குகிறோம். விருப்பத்தைவிடத் தேவைக்குக் கடுமையான தேர்வு வைக்கிறோம். ஏன்?

இந்தக் கேள்வியை எனக்குள் போட்டது செக்வே. இரண்டு சக்கரம், நடுவில் ஒரு பலகை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. டீன் கேமன் என்ற அமெரிக்கர் 2001 டிசம்பரில் இதை அறிமுகப்படுத்தினார். நகரங்களின் வடிவத்தையே இது மாற்றிவிடும் என்றார்கள். கடைசியில் மால் காவலர்களும் சுற்றுலாப் பயணிகளும்தான் அதில் அதிகம் ஏறினார்கள். 2020இல் தயாரிப்பு நின்றுபோனது.

அதிகம் பேசப்படாத ஒரு முன்கதை இதற்கு உண்டு. செக்வேக்கு முன்பே கேமன் குழு ஒரு சக்கர நாற்காலியைச் செய்திருந்தது. பெயர் ஐபாட். பாட்டு கேட்கிற ஐபாட் இல்லை, இது வேறு. படியேறும். இரண்டு சக்கரத்தில் எழுந்து நின்று, உட்கார்ந்திருப்பவரை எதிரே நிற்பவரின் கண் மட்டத்துக்கு உயர்த்தும். அந்தச் சமநிலைத் தொழில்நுட்பத்திலிருந்து பிறந்ததுதான் செக்வே. நடக்க முடியாதவர்களுக்காக யோசித்தது, நடக்க முடிந்தவர்களின் பொம்மையாக மாறியது.

ஃப்ளோரிடாவில் டிஸ்னியின் எப்காட் பூங்காவில் செக்வேயில் வழிகாட்டியோடு ஒரு சுற்றுலா நடத்திக்கொண்டிருந்தார்கள். ஆன்சைட்டில் இருந்த காலத்தில் ஒருமுறை போனேன். கூட்டம் வருவதற்கு முந்தைய காலை நேரம். தலைக்கவசம், கொஞ்ச நேரம் பயிற்சி, பிறகு வரிசையாகக் கிளம்பினோம். ஏரியைச் சுற்றி மெக்சிகோ, நார்வே, சீனா என்று 11 நாடுகளின் மாதிரிகள். முன்னால் சாய்ந்தால் ஓடும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். நாம் விழப்போகும் திசையை உணரிகள் நொடிக்குப் பல தடவை கணக்கிட, சக்கரங்கள் அந்தப் பக்கமே ஓடிவந்து நம்மைத் தாங்குகின்றன. எஞ்சினியரிங்கில் தலைகீழ் ஊசல் என்று படித்த கணக்கு காலுக்கடியில் ஓடுவது பரம சுகம். வயது வரம்பு, எடை வரம்பு எல்லாம் பார்த்தார்கள். எனக்கு எதற்கு செக்வே என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அதே டிஸ்னி, பார்வையாளர்கள் சொந்த செக்வே கொண்டுவருவதைத் தடை செய்திருந்தது. தசைச்சிதைவு நோயுள்ள ஒரு பெண், கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டுக்குச் செக்வேயில் வர அனுமதி கேட்டார். அவரால் நிற்க முடியும். நடப்பதும், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுவதும்தான் கஷ்டம். சக்கர நாற்காலியிலோ ஸ்கூட்டரிலோ வாருங்கள் என்றது நிறுவனம். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. அந்தப் பெண்ணுக்குச் செக்வே 'அவசியம்' இல்லையே, வேறு வழி இருக்கிறதே என்பது டிஸ்னியின் வாதம்.

2012 ஜூலையில் நீதிபதி அலெக்ஸ் கோசின்ஸ்கி எழுதிய தீர்ப்பு அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டது. அவசியம் என்பதை இப்படிக் கறாராக எடுத்துக்கொண்டால், கால் வராதவர் படிகளில் தவழ்ந்துகூட நீதிமன்றத்துக்குள் வந்துவிடலாம். அப்புறம் லிஃப்ட்கூட அவசியமில்லை. மற்றவர்களுக்குக் கிடைக்கும் அனுபவத்துக்கு நெருக்கமான ஒன்று இவருக்கும் கிடைக்க நியாயமாக என்ன செய்யலாம் என்பதே கேள்வி என்றது தீர்ப்பு. அதோடு, பாதுகாப்பு காரணமாக முடியாது என்று டிஸ்னி நிரூபிக்க வழியும் திறந்தே விட்டது.

டிஸ்னி தரப்பிலும் நியாயம் உண்டு. நான் போனது ஆளில்லாத பாதையில், வழிகாட்டியோடு. மதிய நெரிசலில், குழந்தைகள் குறுக்கே ஓடும் இடத்தில் செக்வே ஓடுவது வேறு விஷயம். ஃப்ளோரிடாவில் நடந்த இன்னொரு வழக்கில், நின்றபடியே ஓட்டும் நான்கு சக்கர வண்டியைத் தாங்களே தருவதாக டிஸ்னி சமரசம் செய்துகொண்டது. அதை நான் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். 'ஆபத்து' என்பது அளந்து பார்க்கக்கூடிய காரணம். வேகத்தைக் குறைக்கலாம், வண்டியை மாற்றலாம், பேசித் தீர்க்கலாம்.

'உனக்கு இது அவசியமில்லை' என்பதில் பேச இடமே இல்லை. அதைச் சொல்பவர் அடுத்தவரின் உடம்புக்கு எவ்வளவு போதும் என்று தானே முடிவு செய்துவிடுகிறார். நாள் முழுக்க எல்லோருடைய இடுப்பு உயரத்திலிருந்து உலகத்தைப் பார்ப்பதா, நேருக்கு நேர் நின்று பேசுவதா என்பது அந்தக் கணக்கில் வராது. உள்ளே வந்துசேர்ந்தால் போதும் என்றாகிவிடுகிறது. பூங்காவுக்கு யாராவது வந்துசேர்வதற்காகப் போவார்களா?

என் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன். திரையைப் படித்துக்காட்டும் மென்பொருளில் நம் செயலி வேலை செய்யவில்லை என்று புகார் வந்தால், 'எத்தனை பேர் யூஸ் பண்ணப்போறாங்க? கஸ்டமர் கேருக்கு போன் பண்ணலாமே' என்று யாராவது சொல்வார்கள். பொத்தானை அழுத்தினால் வண்ணக் காகிதம் பறக்கும் அனிமேஷனுக்கு இதே கேள்வி ஒருநாளும் எழுந்ததில்லை. அது அழகு, அழகுக்குக் காரணம் வேண்டாம்.

அனிமேஷன் இருக்கட்டும், செக்வே சுற்றுலாவும் இருக்கட்டும். காரணமில்லாமல் சந்தோஷப்படுவது நல்ல விஷயம்தான். அந்தச் சலுகை எல்லோருக்கும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உதவி கேட்டு வருபவரும் தேவையோடு சேர்த்து ஒரு விருப்பத்தையும் கொண்டுவருகிறார். காற்று முகத்தில் பட, நிமிர்ந்து நின்றபடி, மெக்சிகோவிலிருந்து நார்வேக்கு ஒரு நிமிஷத்தில் போக அவருக்கும் ஆசை இருக்கும்.