பல்லும் சொல்லும்

ஒன்றனுள் ஒன்றாக ஏழு பேழைகள். அவற்றின் உள்ளே ஒரு பல். புத்தரின் பல் என்கிறார்கள். அதைக் காணக் கண்டி நகரத்துத் தலதா மாளிகையிலே கூட்டம் அலைமோதுகிறது. காண்பதோ பல்லை அல்ல, வெளிப்பேழையை மட்டுமே!

எளாவூர்ப் படிப்பகத் தோழர்களுடன் இலங்கை சென்ற நாமும் ஒரு மாலை அங்கே நின்றோம். வாயிலில் கடுஞ்சோதனை; 1998 சனவரி 25இல் புலிகளின் குண்டு வெடித்த இடமல்லவா! முரசு அதிர்ந்தது, கதவு திறந்தது. வெள்ளாடை உடுத்திய தாய்மார் தாமரை ஏந்தி நின்றனர். ஒருத்தி கைக்குழந்தையை உயரத் தூக்கிப் பேழையைக் காட்டினாள். அந்த முகத்தின் கனிவைப் பழிக்க நமக்கு நா எழவில்லை.

ஆயினும் கேள்வி எழுந்தது. தம் உடலுக்குச் செய்யும் பூசையில் துறவியர் ஈடுபடவேண்டா, தாம் சொன்ன அறமே இனி ஆசான் என்று இறுதி நாளில் புத்தர் கூறியதாக அவர்தம் நூல்களே பேசுகின்றன. சிதையின் சூடு தணியுமுன் நடந்தது என்ன? எலும்புக்காக அரசர்கள் போருக்கு எழுந்தனர்! துரோணர் என்னும் பார்ப்பனர் எட்டுப் பங்கு வைத்துத் தீர்த்தாராம்.

பல்லின் கதையும் அதுதான். அதை வைத்திருப்பவனுக்கே முடி என்றாயிற்று இலங்கையில். பதின்மூன்றாம் நூற்றாண்டில் குலசேகர பாண்டியனின் படைத்தலைவன் ஆரியச்சக்கரவர்த்தி அதைக் கவர்ந்து மதுரைக்குக் கொண்டுவந்தான். மூன்றாம் பராக்கிரமபாகு நேரில் வந்து மீட்டுச் சென்றான். 1560இல் யாழ்ப்பாணத்தில் ஒரு பல்லைக் கைப்பற்றிய போர்ச்சுகீசியர், பெகு மன்னன் தரவந்த பெரும்பொருளையும் மறுத்து, கோவாவில் அதை உரலிலிட்டு இடித்து எரித்தனர். இடிபட்டது போலி, மெய்ப்பல் எம்மிடமே என்றனர் பௌத்தர். வாதம் முடிந்தது!

மூடநம்பிக்கை என்று எழுதிவிட்டு நாம் எழுந்துவிடலாம். நமக்கு அது எளிது. ஆனால் நம்மை உறுத்தியது பல் அன்று. பல்லைச் சுற்றி நிற்பவர்கள்.

இலங்கையில் துறவு மரபு அற்றுப்போயிருந்த வேளையில், 1753இல் சயாம் நாட்டிலிருந்து உபாலி என்ற பெருந்துறவியை வரவழைத்து அதை உயிர்ப்பித்தவன் கீர்த்தி சிறீ இராசசிங்கன். நம் நாட்டிலிருந்து சென்ற நாயக்கர் குடியினன். நெடுங்காலம் செல்லவில்லை. கொவிகம என்னும் வேளாண் குலத்தாருக்கே உயர்துறவு என்று வரம்பு கட்டிவிட்டனர். பல்லைக் காக்கும் மல்வத்தை, அஸ்கிரிய பீடங்களில் இன்றளவும் அதுவே வழக்கு. பிற குலத்து இளந்துறவியர் 1799இல் பர்மாவுக்குக் கப்பலேறி, அமரபுரத்தில் துறவேற்று, 1803இல் திரும்பித் தனிச் சங்கம் காணவேண்டியதாயிற்று.

உபாலி! அந்தப் பெயரை எண்ணிப் பாருங்கள், தோழர்களே. முடிதிருத்தும் உபாலிக்கு முதலில் துறவளித்து, பின்னே வந்த சாக்கிய இளவரசர்கள் அவரை வணங்கும்படி செய்தவர் புத்தர். அவருடைய பல்லுக்குக் காவல் சாதி! 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் இலங்கை சென்று பௌத்தம் ஏற்றதும், 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தரானதும் எதற்காக? எந்தச் சிறையை விட்டு வெளியேற அவர்கள் அந்தக் கதவைத் தட்டினார்களோ, அந்தச் சிறை கதவுக்கு அப்பாலும் இருந்திருக்கிறது.

சிங்களவரைப் பார்த்துச் சிரிக்கப் போகிறோமா? மெரினாவில் எம்.ஜி.ஆர். நினைவிடத்துக் கல்லில் காதை வைத்து, கைக்கடிகாரம் ஓடும் ஓசை கேட்கிறதா என்று கேட்போர் நம் மக்களே. இரும்புக் கூண்டுக்குள் அம்பேத்கர் சிலையை வைத்துக் காவல் காக்கும் ஊர்களும் நம் ஊர்களே. நாமோ சிலைக்கு மாலையிடுகிறோம். அது வழிபாடு அன்று, நன்றி என்கிறோம். உண்மையாகவே இருக்கட்டும். வேறுபாடு எங்கே என்று கேட்டால் எதைக் காட்டுவோம்? அவர் சொன்னதைச் செய்திருப்பதைத்தானே காட்ட முடியும்?

ஊர் திரும்புகையில், கும்மிடிப்பூண்டியைக் கடந்து எளாவூர் வருமுன், தொடர்வண்டியிலேயே கணக்கு எடுத்தோம். அண்ணாவின் ஆட்சியில், 1967இல், சட்டமன்றம் நிறைவேற்றிய சுயமரியாதைத் திருமணச் சட்டத்தின்படி, நம் படிப்பகத்தில் பெரியார் படத்தின்முன் மாலை மாற்றிக்கொண்ட இணையர் பதினாறு. சாதி கடந்து மாலை மாற்றியோர் மூன்றே இணையர். மற்றப் பதின்மூன்றில் நமது திருமணமும் ஒன்று. பதினேழாவது மணம் அடுத்த திங்கள். மணமகன் நம்முடன் கண்டிக்கு வந்த இளைஞர்தாம்; பெண், அவர் அத்தை மகள். எண்ணிக்கை முடிந்தபோது அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நாமும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.