தண்ணீர் ஊற்றி ஓட்டுவது

ஆமத்தூர் தாண்டி ஹீட் மீட்டர் முள் மேலே ஏறினால் என் மாமா பதறமாட்டார். மாருதி 800-ஐ வேப்பமர நிழலில் ஓரங்கட்டுவார்; ஆறிய பிறகு பின்சீட்டுத் தண்ணீர் கேனை எடுப்பார். சிவகாசியிலிருந்து விருதுநகர் வந்துசேர்வதற்குள் இது சடங்காகிவிட்டது. மஞ்சள்தூளும் போட்டுப் பார்த்தார். ரேடியேட்டர் ஓட்டைக்கு அது டிரைவர்களின் கைவைத்தியம், ஓரளவு கேட்கும். ஆனால் இந்த வண்டியில் கீழே ஒரு சொட்டும் ஒழுகவில்லை. தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே காப்பி நிறத்தில் நுரை.

"ஆயில்ல தண்ணி கலந்துருச்சு அண்ணாச்சி. ஹெட் கேஸ்கட் போச்சு."

கேஸ்கட் விலை சில நூறு ரூபாய்தான் என்றதும் மாமா முகம் தெளிந்தது. பிறகு ஹெட்டை இறக்குவது, லேத்தில் ஃபேஸ் அடித்துச் சமப்படுத்துவது, ஆயில், கூலன்ட், கூலி என்று கணக்கு நீண்டது. "வண்டியை வித்தாலே அவ்வளவு தேறாதே" என்றார். பொய்யில்லை. 2014-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி.

அப்படிச் சொல்லிச் செலவைத் தள்ளிப்போடுகிறவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர் காலண்டர் பைண்டிங் வேலை பார்ப்பவர். ஆடிப்பெருக்கன்று மாதிரி ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் பிடிக்கும் தொழிலில், உழைத்த காசு முழுசாகக் கைக்கு வரத் தை பிறந்துவிடும். அதுவரை எதைத் தள்ளிப்போடலாம் என்று தெரிந்து வைத்திருப்பதுதான் அங்கே குடும்பம் நடத்தும் சாமர்த்தியம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நெருப்பு, தண்ணீர், எண்ணெய் மூன்றும் ஒன்றோடொன்று சேராமல் காப்பது ஹெட் கேஸ்கட் என்ற அந்த மெல்லிய தகடு. அது விட்டுப்போனால் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகும், தண்ணீர் எண்ணெயில் கலக்கும், பேரிங்குகள் வழவழப்பின்றித் தேயும். சூடு மிஞ்சினால் அலுமினிய ஹெட் வளையும். வளைந்த ஹெட்டில் புதுத் தகடும் உட்காராது. இன்று தள்ளிப்போட்ட செலவு தை மாதம் வரை அதே தொகையாகக் காத்திருக்காது.

எங்கள் சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் ஓர் அறைக்கு 4 பேருக்கு மேல் கூடாது என்ற விதியும், அறைக்கு அறை விட வேண்டிய இடைவெளியும் இதே கணக்கில் வந்தவை. ஓரிடத்தில் பற்றினால் அடுத்ததற்குத் தாவக் கூடாது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். உதவ ஓடிவந்தவர்களும் அவர்களில் உண்டு. காரையும் உயிரையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் பழுதான பொருளின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பது எங்கள் ஊரில் எவ்வளவு சகஜம் என்று சொல்லத்தான் வேண்டும். கந்துவட்டியும், பார்க்காமல் விட்ட சர்க்கரை நோயும் இப்படித் தள்ளிப்போடப் போட அடுத்ததற்குத் தாவுகிற வகைதான்.

ஒரு புரோக்கர் வந்தார். தண்ணீர் நிரப்பி, ஆயில் மாற்றி, காலையில் குளிர்ந்த எஞ்சினோடு காட்டினால் யாருக்கும் தெரியாதாம். மாமா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். வாங்குகிறவன் தலையில் கட்டினால் பழுது தாவியதாகத்தானே அர்த்தம்!

சீட்டுப் பணத்தில் ஹெட்டை இறக்கினார்கள். வளைவு கொஞ்சம்தான்; ஃபேஸ் அடித்ததில் சரியாகிவிட்டது. இடதுபக்கக் கதவுக் கண்ணாடி பாதியில் சிக்கி நிற்பதை நான் காட்டினேன்.

"அது யாரை என்ன செய்யுது மாப்ள? தையில பாத்துக்கலாம்."