அறியாத குறைக்கு யார் பொறுப்பு?

குறையோடு உருவான ஒரு பொருளை விற்றவர், அந்தக் குறை தமக்கே தெரியாமல் இருந்தாலும், பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு விலையைக் கொடுக்கக் கடமைப்பட்டவரா? ரோமானியச் சந்தையில் எழுந்த இந்தக் கேள்வி இன்று கார் வாங்குபவருக்கும் கார் தயாரிக்கும் நிறுவனத்துக்கும் இடையே நிற்கிறது. புதிய கார் ஓடும்போதே நின்றுவிடுகிறது. சர்வீஸ் சென்டரில் சரிசெய்து தருகிறார்கள். அடுத்த மாதமே அதே கோளாறு திரும்புகிறது. நிறுவனம் பொய் சொல்லவில்லை, எதையும் மறைக்கவும் இல்லை. குற்றம் செய்யாதவர்மீது கடமை எப்படி வந்து சேரும் என்பதே இங்கே அறவியல் விடை காண வேண்டியது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இதற்குத் தெளிவான விடை தந்திருக்கிறது. 1970இல் அங்கு இயற்றப்பட்ட சாங்-பெவர்லி நுகர்வோர் வாரண்டிச் சட்டத்தின்படி, நியாயமான எண்ணிக்கையில் வாய்ப்புக் கொடுத்தும் வாரண்டிக்கு உட்பட்ட குறையைத் தீர்க்க முடியாவிட்டால், தயாரிப்பாளர் வேறு கார் தர வேண்டும், அல்லது காரைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர வேண்டும். மாற்றுக் கார் வேண்டாம், பணமே போதும் என்று சொல்லும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. நிறுவனத்தின் நோக்கம் என்ன, அது அறிந்ததா அறியாததா என்று இந்த விதி கேட்பதில்லை. இவ்வகைச் சட்டங்கள் மக்கள் வழக்கில் லெமன் சட்டங்கள் எனப்படுகின்றன. இன்று அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கின்றன.

அறிந்து மறைத்த குறை

சிக்கலின் எளிய பாதியிலிருந்து தொடங்கலாம். விற்பவருக்குக் குறை தெரியும்; வாங்குபவருக்குத் தெரியாது. ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ கி.மு. 44இல் எழுதிய கடமைகள் பற்றிய நூலின் மூன்றாம் பகுதியில் இந்த நிலையை விரிவாக ஆராய்கிறார். ஒருவர் தம் வீட்டை விற்கிறார். அது குடியிருப்போரின் உடல்நலத்துக்கு ஆகாதது, மரங்கள் உறுதியற்றவை, அறைகளில் பாம்புகள் வருவதுண்டு. இவை வீட்டுக்காரருக்கு மட்டுமே தெரியும். அவர் சொல்ல வேண்டுமா?

ஸ்டோயிக் தத்துவவாதிகள் இருவர் இதில் மாறுபட்டார்கள் என்கிறார் சிசரோ. பாபிலோனைச் சேர்ந்த டயோஜெனிஸின் நிலை இது: விற்பவர் யாரையும் வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை, சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு, தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் பிறருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் சொத்துரிமைக்கே பொருள் இருக்காது. அவருடைய மாணவரான தார்சுஸ் நகரத்து ஆன்டிபேட்டர் இதை மறுத்தார். மனிதர்கள் ஒரே சமூகத்தில் பிணைந்தவர்கள்; பிறர் அறிந்தால் பயன்பெறும் ஒன்றைத் தன் லாபத்துக்காகச் சொல்லாமல் விடுவது, வழி தவறியவருக்குப் பாதை காட்டாமல் விடுவதைவிடக் கொடியது என்றார். சிசரோவின் தீர்ப்பு ஆன்டிபேட்டர் பக்கமே. பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணுவதையே வணிகத்தின் அறமாகக் கொள்ளும் திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரமும் இதே பக்கம் நிற்கிறது.

இஸ்லாமிய மரபில் இது இன்னும் கடுமையான கடமையாக உருவெடுத்தது. சந்தையில் தானியக் குவியல் ஒன்றுக்குள் நபிகள் நாயகம் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் சொல்ல, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று அவர் கேட்டதாக ஹதீஸ் உண்டு. மழை பெய்தது வணிகரின் குற்றமன்று. நனைந்த தானியத்தை அடியில் வைத்ததே குற்றம். ஆனால் இந்த மரபுகள் சொன்ன விடைகள் எல்லாம் அறிந்து மறைத்தவரைப் பற்றியவை. தயாரிப்பாளரே அறியாத குறைக்கு வேறோர் அடிப்படை வேண்டும்.

அறியாமல் விற்ற குறை

அந்த அடிப்படையை ரோமானியச் சட்டம் கண்டது. சந்தைகளை மேற்பார்த்த ஈடில் என்னும் அதிகாரிகள் ஓர் ஆணை பிறப்பித்திருந்தனர். சொல்லப்படாத குறை பின்னர் வெளிப்பட்டால் வாங்கியவர் 6 மாதத்துக்குள் பொருளைத் திருப்பிக் கொடுத்து விலையைப் பெறலாம். அல்லது ஓராண்டுக்குள் விலைக்குறைப்புக் கேட்கலாம். விற்றவருக்குக் குறை தெரியாமல் இருந்தாலும் அவர் பொறுப்பேற்றே ஆக வேண்டும் என்று சட்ட அறிஞர் உல்பியன் எழுதினார். இந்த ஆணை முதன்மையாக அடிமைகளின் விற்பனைக்காகவும் கால்நடை விற்பனைக்காகவும் எழுந்தது. மனிதரைச் சரக்காக எண்ணிய ஒரு சமூகம் வாங்குபவரின் பணத்தை இவ்வளவு நுட்பமாகக் காத்தது என்பது அந்தச் சட்டத்தின் மீது படிந்த அழியாத கறை. ஆயினும், பொறுப்புக்கு அறிவு நிபந்தனையன்று என்ற கொள்கை அந்த வணிகம் ஒழிந்த பின்னும் நிலைத்தது.

இதன் அறவியல் காரணத்தை 13ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் தெளிவாக்கினார். குறை தெரியாமல் விற்றவர் பாவம் செய்யவில்லை. ஆனால் குறை தம் கவனத்துக்கு வந்ததும் வாங்கியவரின் இழப்பை ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் என்பது அவர் முடிவு. இங்கே இரண்டு கேள்விகள் பிரிகின்றன. விற்றவர் நல்லவரா என்பது ஒன்று. அவர் கையில் இருக்கும் பணம் அவருக்கு உரியதா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு அவருடைய மனநிலையைப் பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு விலையையும் பொருளையும் மட்டும் பார்த்தால் போதும். நல்ல காருக்கு உரிய விலை கைமாறியது. நல்ல கார் கைமாறவில்லை. அப்படியானால் அந்தப் பணத்தை வைத்துக்கொள்ள நியாயம் இல்லை. திரும்ப எடுத்துக்கொள்ளும் கடமை தண்டனையாகவோ கருணையாகவோ வருவதில்லை. பரிமாற்றத்தின் சமநிலை குலைந்ததால் வருகிறது. குறையை உணர்ந்த பின்னும் பணத்தைத் தராமல் இழுத்தடிக்கும்போதுதான் குற்றம் தொடங்குகிறது. கலிஃபோர்னியச் சட்டமும் இந்தக் கோட்டையே வரைகிறது: குறைக்குப் பணம் திரும்பும், தெரிந்தே கடமையை மீறினால் இழப்பின் இரு மடங்கு வரை தண்டத்தொகை கூடும்.

ஒப்பந்தம் என்னும் மறுப்பு

இதற்கு எதிரான வலுவான வாதம் ஒன்று உண்டு. வாரண்டித் தாளில் பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் நிறுவனம் வாக்களித்தது. அதைப் படித்துக் கையெழுத்திட்டவர் அதற்கு மேல் கேட்பது ஒப்பந்த மீறல் என்பார்கள். வாங்குபவரே விழிப்பாக இருக்க வேண்டும் என்ற ஆங்கிலேயச் சட்ட மரபு இதற்குத் துணை நின்றது.

அந்த மரபு ஊகித்துக்கொண்ட சந்தையில், வாங்குபவர் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். துணியை விரித்துப் பார்க்கலாம். காரில் அது இயலாது. எஞ்சினுக்குள்ளும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளும் இருப்பதை ஷோரூமில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து அறிய முடியாது. அறிய வழியில்லாதவரை விழிப்பாக இருக்கச் சொல்வது அறமாகாது. 1916இல் பியூக் காரின் மரச்சக்கரம் உடைந்து ஒருவர் காயமடைந்த வழக்கில், வாங்கியவருக்கும் தயாரிப்பாளருக்கும் நேரடி ஒப்பந்தம் இல்லை என்ற வாதத்தை நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ. சக்கரம் வேறொரு நிறுவனம் செய்தது என்பதும் பியூக்கைக் காக்கவில்லை. சோதித்துப் பார்த்திருந்தால் குறை தெரிந்திருக்கும் என்பதே காரணம்.

1960இல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் மேலும் ஓர் அடி வைத்தது. 90 நாள் அல்லது 4,000 மைல் வரை பாகம் மாற்றித் தருவதோடு பொறுப்பு முடிந்தது என்ற வாரண்டி வாசகம், விபத்தில் சிக்கிய புதிய பிளிமத் காரை வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது என்றது. கார் நிறுவனங்கள் எல்லாம் ஒரே படிவத்தைப் பயன்படுத்தியதால் பேரம் பேச இடமே இல்லை என்பது அதன் முக்கியக் காரணங்களில் ஒன்று. தேர்வே இல்லாத இடத்தில் கிடைத்த சம்மதத்தை முழுச் சம்மதமாகக் கொள்ள முடியாது.

பொருளாதாரமும் இந்த அறத்துக்குத் துணை வருகிறது. பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் எழுதிய கட்டுரை, தரம் விற்பவருக்கு மட்டுமே தெரிந்த சந்தையில் மோசமான பொருள் நல்ல பொருளை விரட்டிவிடும் என்று காட்டியது. தகவல் சமமற்ற சந்தைகளைப் பற்றிய ஆய்வுக்காக 2001இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். குறைக்குப் பொறுப்பேற்கும் விதி வாங்குபவரை மட்டும் காப்பதில்லை. நேர்மையான தயாரிப்பாளரையும் காக்கிறது.

எத்தனை முறை பொறுக்க வேண்டும்?

தயாரிப்பாளருக்கும் நீதி வேண்டும். ஆயிரக்கணக்கான பாகங்கள் கொண்ட பொருளில் சிறு பழுது வருவது இயல்பு. முதல் பழுதிலேயே காரைத் திருப்பித் தள்ளுவது முறையன்று. சரிசெய்யும் வாய்ப்பு தயாரிப்பாளரின் உரிமை. ஆனால் அந்த வாய்ப்புக்கு எல்லை உண்டு. 1982இல் கலிஃபோர்னியா அந்த எல்லையை எண்களில் தந்து, பின்னர் அதை விரிவாக்கியது. இன்றைய விதிப்படி 18 மாதம் அல்லது 18,000 மைல், இவற்றில் எது முந்துகிறதோ அதற்குள் ஒரே குறைக்கு 4 முறை பழுதுபார்த்திருந்தாலோ, எல்லாப் பழுதுகளுக்குமாகக் கார் மொத்தம் 30 நாளுக்கு மேல் பணிமனையில் கிடந்திருந்தாலோ போதிய வாய்ப்புத் தரப்பட்டதாகக் கருதப்படும். உயிருக்கு ஆபத்தான குறைக்கு 2 முறை போதும் என்று பின்னர் சேர்த்தார்கள். இது அனுமானமே, நிறுவனம் மாறாக நிரூபிக்கலாம். ஆயினும் நிரூபிக்கும் சுமை அதன் தோளுக்கு மாறுகிறது.

குறை வெளிப்பட எடுக்கும் காலம் பொருளுக்குப் பொருள் மாறும் என்பதை இந்திய தர்ம நூல்கள் முன்பே கண்டிருந்தன. யாக்ஞவல்கிய ஸ்மிருதி இரும்புக்கு 1 நாளும், கறவை மாட்டுக்கு 3 நாளும், சுமை இழுக்கும் விலங்குக்கு 5 நாளும், மணிகளுக்கு 7 நாளும், விதைக்கு 10 நாளும் சோதித்துப் பார்க்கும் காலமாகத் தருகிறது. யூதச் சட்டத்தைத் தொகுத்த மைமோனிடிஸ் நாள் கணக்கு வைக்கவில்லை. குறையுள்ள விற்பனை தவறான புரிதலில் நடந்தது; ஆகவே ஆண்டுகள் கழித்தும் திருப்பலாம், ஆனால் குறை தெரிந்த பின் பொருளைப் பயன்படுத்தியிருக்கக் கூடாது என்றார். இன்றைய வாழ்வில் இந்த நிபந்தனை கடுமையானது. வேலைக்குச் செல்ல வேறு வழியில்லாதவர் கோளாறு உள்ள காரையே ஓட்டியாக வேண்டியிருக்கிறது. அதை அவர் குறையை ஏற்றுக்கொண்டதாகக் கொள்ள முடியாது.

பயன்படுத்திய அளவுக்கு விலை உண்டா?

திருப்பிக் கொடுக்கும்வரை கார் ஓடியிருக்கிறது. அந்தப் பயனுக்கு யார் கணக்குச் சொல்வது? ரோமானியச் சட்டத்தில் இருவரும் விற்பனைக்கு முந்தைய நிலைக்குத் திரும்ப வேண்டும். பொருளால் வந்த பலனையும் வாங்கியவர் சேர்த்துத் தர வேண்டும். இஸ்லாமியச் சட்டத்தில் விடை வேறு. வாங்கிய அடிமையின் உழைப்பால் பயனடைந்த பின் குறை கண்டு திருப்பியவரிடம், விற்றவர் அந்த வருவாயைக் கேட்டபோது, இழப்பின் பொறுப்பை ஏற்றிருந்தவருக்கே வருவாயும் உரியது என்று நபிகள் தீர்ப்பளித்ததாக ஹதீஸ் கூறுகிறது. இடையில் பொருள் அழிந்திருந்தால் நட்டம் வாங்கியவருடையதாகவே இருந்திருக்கும். ஆகவே பயனும் அவருடையதே.

கலிஃபோர்னியா நடுவழியைத் தேர்ந்தது. கார் முதன்முறை அந்தக் குறைக்காகப் பழுதுபார்க்க ஒப்படைக்கப்படும் வரை ஓடிய மைல்களை 1,20,000ஆல் வகுத்து, விலையால் பெருக்கி, வரும் தொகையைக் கழித்துக்கொள்ளலாம். 30,000 டாலர் கார் 6,000 மைல் ஓடிய பிறகு முதலில் ஒப்படைக்கப்பட்டால் கழிவு 1,500 டாலர். அதன் பின் ஓடிய மைல்களுக்குக் கழிவு இல்லை. குறையின்றி அனுபவித்த பயனுக்கு வாங்கியவர் விலை தருகிறார். குறை சொன்ன பிறகு நேர்ந்த தாமதத்தின் சுமையைத் தயாரிப்பாளர் தாங்குகிறார். இரு மரபுகளின் நியாயமும் இதில் இடம்பெறுகிறது.

திரும்பி வந்த கார்

காரைத் திரும்ப எடுத்ததோடு கடமை முடியாது. அதை மறுபடி விற்கும்போது நிறுவனத்துக்குக் குறை தெரியும். இப்போது அது ஆன்டிபேட்டர் சொன்ன வீட்டுக்காரரின் இடத்தில் நிற்கிறது. கலிஃபோர்னியாவில் அத்தகைய காரின் உரிமை ஆவணத்தில் லெமன் சட்டப்படி திரும்ப வாங்கப்பட்டது என்ற குறிப்புப் பதிய வேண்டும். கதவுச் சட்டத்தில் ஒட்டுச்சீட்டு ஒட்ட வேண்டும். குறையின் தன்மையை அடுத்து வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவித்து, அந்தக் குறை தீர்ந்திருப்பதற்கு ஓராண்டு உத்தரவாதம் தர வேண்டும். முதல் வாடிக்கையாளரின் இழப்பை ஈடுசெய்துவிட்டு இரண்டாமவரின் தலையில் அதே குறையைக் கட்டினால், அநீதி கைமாறியதே தவிர நீங்கியதாகாது.

இந்தியாவின் நிலை

இந்தியாவில் கார்களுக்கென இத்தகைய தனிச் சட்டம் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் குறையை நீக்கவும், பொருளை மாற்றித் தரவும், விலையைத் திருப்பித் தரவும் ஆணையிடலாம். வழக்குக் காரணம் எழுந்த 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். ஆனால் 2006இல் மாருதி உத்யோக் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரண்டி பாகத்தைப் பழுதுபார்க்கவும் மாற்றவும் மட்டுமே கடமைப்படுத்துகிறது என்று கொண்டு, முழுக் காரையும் மாற்றித் தரும் உத்தரவை ஏற்கவில்லை. எத்தனை முறை பழுதுபார்த்தால் போதும் என்ற அனுமானம் சட்டத்தில் இல்லாததால், உற்பத்திக் குறைபாட்டை நிபுணர் அறிக்கையோடு நிரூபிக்கும் சுமை பெரும்பாலும் வாங்கியவர் மீதே விழுகிறது. ஒவ்வொரு முறையும் கோளாற்றைத் தெளிவாக எழுதச் சொல்லி ஜாப் கார்டின் நகலை வாங்கி வைத்திருப்பதே இன்றைய நிலையில் அவருக்கு உள்ள முதல் சான்று.

பொருளை உருவாக்கியவரே அதன் உள்ளமைப்பை அறிய வல்லவர். குறையின் செலவைப் பல ஆயிரம் வாகனங்களின் விலையில் பரப்பித் தாங்க வல்லவரும் அவரே. வாங்கியவரிடம் இருப்பது ஒரே ஒரு கார். அறியாமை தயாரிப்பாளரைப் பழியிலிருந்து விடுவிக்கும், கடனிலிருந்து விடுவிக்காது. பழுதுபார்க்கும் வாய்ப்புக்கு எண்ணில் எல்லை வகுத்து, அதைத் தாண்டினால் நிரூபிக்கும் சுமையைத் தயாரிப்பாளருக்கு மாற்றும் விதியை இந்தியச் சட்டமும் ஏற்பதே நீதி.